கோசுகேயின் ஆறாவது விரல்

"நரிக்குட்டி கோசுகே கார்ட்டூன் படத்துக்கு அடுத்த வாரம் நாற்பதாவது வருஷ விழா. பழைய பிரிண்டைச் சுத்தம் பண்ணியாச்சா, ஷிசுயே சான்?" என்று கேட்டார் டோக்கியோ ஸ்டுடியோவின் தலைவர் குசுனோகி.

"ஆச்சு. ஒரே ஒரு காட்சியில கோசுகேவுக்கு ஆறு விரல் இருந்தது. ஒண்ண அழிச்சிட்டேன்" என்று நிம்மதியாகச் சொன்னார் மூத்த ஓவியர் ஷிசுயே.

குசுனோகி தலையில் கைவைத்தார். "கெடுத்தீங்க போங்க. ரசிகர்கள் ஆறு விரல் கையுறை தைச்சுப் போட்டுக்கிட்டு வர்றதே அந்த விரலைக் கொண்டாடத்தான்."

"தப்புன்னு சிரிக்கவா?"

"தப்போ சரியோ, அவங்களுக்கு அதுதான் செல்லம். பழையபடியே திரும்ப வரையணும். இம்மி மாறினாலும் கண்டுபிடிச்சிடுவாங்க. யாரால முடியும்?"

ஷிசுயே பென்சிலைச் சீவினார்.

"என்னாலதான் முடியும். நாப்பது வருஷம் முன்னாடி அந்தக் கையை வரைஞ்சதும் நான்தான். அஞ்சு விரல்தான்னு நாலு தடவை எண்ணிப் பாத்துட்டுத்தான் கொடுத்தேன், குசுனோகி சான்."