கார்மேகத்திடம் ஒரு விசாரணை

"போன் அடிக்குது, எடு. வாயைக் கொடுத்து மாட்டிக்காதே" என்றான் லுக்மான்.

வளைகுடாவில், முசஃபா லேபர் கேம்ப் ரூமில் மதிய பிரேக். ஏசி ஓடியும் கட்டிலில் இருந்தவனுக்கு வேர்த்துக் கொட்டியது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"தாமரையோட அப்பா கார்மேகம்தானே? கோயமுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து பேசறேன். வீடியோ கால்ல வரச் சொன்னேனே?"

"இங்க வாட்ஸ்அப் கால் எடுக்காதுங்க சார்."

"சரி. உம் பொண்ணு எதிர்லதான் உக்காந்திருக்கு. நாளைக்கு லா காலேஜ் கவுன்சலிங்காம். இருளர்னு சர்டிபிகேட் கேக்குது. எனக்கு நம்பிக்கை இல்லை."

தாமரைக்கு மார்க்கில் குறைவில்லை. இருந்து என்ன? அந்தக் காகிதம் இல்லாவிட்டால் பழங்குடியினருக்கான சீட் கைநழுவிவிடும். மலையில் பிறந்தவள் மலையில் பிறந்தவள்தான் என்று ஓர் அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டுமாம். என்ன கொடுமை!

"நாங்க இருளருங்கதான் சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. உங்க ஜனங்க சாவுக்குப் பாடுவீங்களே, அதுல ஒண்ணு பாடு, உங்க பாஷையில. பாடினா இப்பவே கையெழுத்து. இல்லேன்னா ஃபைலை மூடிடுவேன்."

'கட் பண்ணு' என்று லுக்மான் கையால் வெட்டுவதுபோல் சைகை காட்டினான். கட் பண்ணினால் அந்தப் பெண்ணின் படிப்பு போச்சே! சாமி, ஒரு வரியாவது வரட்டும் என்று கண்ணை மூடினான்.

வந்தது.

அடிவயிற்றிலிருந்து, கரகரப்பாக வந்தது. ஒரு வரி முடியுமுன் அடுத்த வரி. நிறுத்த நினைத்தான், முடியவில்லை. ரூம் சில்லிட்டுப் போனது. லுக்மான் பின்னோக்கி நகர்ந்து கதவில் முட்டி நின்றான்.

"போதும்யா, போதும்!" அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது. "கையெழுத்துப் போட்டாச்சு. இந்தா, பொண்ணுகிட்ட பேசு."

"அப்பா! கிடைச்சிருச்சுப்பா!" தாமரை அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள். "பாட்டைக் கேட்டதும் ஊரே ஞாபகம் வந்துருச்சு. ஆனா ஏம்ப்பா, அப்படிப் பாடினீங்க? எனக்குப் பயமாப் போச்சு. நல்லா இருக்கீங்கதானே?"

"நல்லாப் படி தாயி."

போனை வைத்தான். லுக்மான் இன்னும் கதவை விட்டு நகரவில்லை.

"பாஸ்கர், அந்தப் பாஷை உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுடா! சத்தியமாத் தெரியாது. மன்னார்குடிக்காரன், நான் எந்த மலையைக் கண்டேன்?"

"கவுன்சலிங் முடியட்டும், அப்புறமா அந்தப் புள்ளைகிட்ட விஷயத்தைச் சொல்லிக்கலாம்னுதான் உன்னை அவ அப்பா மாதிரி பேசச் சொன்னேன்." லுக்மானுக்குப் பல் தந்தியடித்தது. "பாட்டைக்கூட விடு. அந்தக் குரல் உன்னோடது இல்லைடா. முந்தாநாள் சாரத்துல இருந்து விழுந்து, இப்ப மார்ச்சுவரியில கிடக்கிற கார்மேகத்தோட குரல்!"