கப்பல் இல்லாத விடைத்தாள்

முப்பத்தெட்டு.

மறுபடியும் கூட்டினாள். முப்பத்தெட்டுதான் வந்தது. தேறுவதற்கு நாற்பது வேண்டும்.

விடைத்தாள் கட்டின் மேல் சீட்டு ஒட்டியிருந்தது: பி.ஏ. தத்துவம், பழைய பாடத்திட்டம், இறுதி வாய்ப்பு.

காலையிலிருந்து அவள் திருத்திய இருபத்தொன்பதாவது விடைத்தாள் இது. விரலெல்லாம் சிவப்பு மை. மின்விசிறி வெயிலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆளா? இதுதான் கேள்வி.

இருபத்தெட்டுப் பேர் கப்பல் எழுதியிருந்தார்கள். பலகை பலகையாக மாற்றிய கப்பல் பழைய கப்பல்தானா என்று, ஒரே நோட்ஸிலிருந்து, ஒரே பிழைகளோடு. ‘சுயசிந்தனை’ என்ற கட்டத்தில் அத்தனை பேருக்கும் ஐந்துக்கு ஐந்து.

இவன் கப்பலை விட்டுவிட்டான்.

‘விபத்துக்குப் பிறகு அப்பாவுக்கு என்னைத் தெரியவில்லை. சார் என்று கூப்பிடுகிறார். சாப்பாடு கொண்டுபோனால் எழுந்து நிற்கிறார். அதே மனுசன்தான்டா என்கிறாள் அம்மா. ஆஸ்பத்திரிப் படிவத்தில், உறவு என்ற இடத்தில், மகன் என்று எழுதினேன். எழுதும்போது யோசிக்கவில்லை. ஏன் யோசிக்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன்.’

சுயசிந்தனை: பூஜ்யம்.

தலைமைத் தேர்வாளர் குணபாலன் அரங்கத்தின் மேடையில் இருந்தார். மதிப்பெண் அட்டவணை அவர் தயாரித்தது. அதற்காக மூன்று நாள் பயிலரங்கு, சான்றிதழ், குழுப் புகைப்படம். சிந்தனையை அளக்க முடியாது என்றவர்களுக்கு இதுவே பதில் என்று காலையில் மைக்கில் சொன்னார். மைக் பாதியில் நின்றுபோனது. அவர் நிற்கவில்லை.

“சார், சுயசிந்தனைக்கு வேற உதாரணம் எழுதியிருந்தா?”

“ஆன்சர் கீ-ல என்ன இருக்கு மேடம்?”

“கப்பல்.”

“இதுல கப்பல் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப சுயசிந்தனை இல்ல. எல்லாரும் யோசிச்சிருக்காங்க. இவனுக்கு மட்டும் என்ன கேடு?”

அட்டவணையில் மேலிருந்து கீழே வந்தாள். கருத்து, மேற்கோள், கட்டமைப்பு. ஒவ்வொன்றுக்கும் கீயில் ஒரு வரி இருந்தது. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் இல்லை.

கையெழுத்து. ஐந்துக்கு.

ஒன்று போட்டிருந்தாள். அதுவே தாராளம். மழைக்கு முந்திய எறும்புகளாக எழுத்துகள் ஓடின.

ஒன்றை அடித்தாள். மூன்று என்று எழுதினாள்.

அடித்துத் திருத்தினால் தலைமைத் தேர்வாளர் பார்த்துச் சுருக்கொப்பம் இடவேண்டும். கையைத் தூக்கினாள். இறங்கி வந்தார்.

“இதுக்கா மூணு?”

“வாசிச்சுப் பாருங்க சார்.”

கையெழுத்தை மதிப்பிட வேறு வழியில்லை. வாசித்தார். நின்றபடியே, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக.

பக்கத்தைத் திருப்பினார்.

டீ வந்தது. கையாலேயே வேண்டாம் என்றார்.

மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

அரங்கம் முழுக்கத் தாள் புரளும் சத்தம்.

“படிக்க முடியுது மேடம்.”

சுருக்கொப்பம் இட்டார்.

மேடைக்குத் திரும்பவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விடைத்தாளை இன்னும் அவளிடம் கொடுக்கவில்லை.