வாடகைக்கு வந்த அங்கி

சலவைக்காரரின் கொடியில் ஒரு பட்டமளிப்பு அங்கியும் மெக்கானிக்கின் காக்கிச் சட்டையும் அருகருகே காய்ந்தன.

"எங்க தாவீது அண்ணன் காலேஜுக்குப் போகல. வண்டிக்கு அடியில படுத்தா பாட்டுப் பாடுவாரு. ஆனா ஷெட்டுக்கு எதிர்ல உன்னைப் போட்டுக்கிட்டு யாராவது போட்டோ எடுத்தா, ஸ்பேனரைக் கீழே வச்சுட்டுப் பார்த்துக்கிட்டே நிப்பாரு" என்றது சட்டை. "ஒரு தடவையாவது அவரோட மேடை ஏறணும்."

"நான் வாடகை அங்கி. போட்டோ எடுத்ததும் கழட்டிடுவாங்க. நேத்து ஒரு பொண்ணு மேடைக்குக் காத்திருக்கும்போது, 'இனி என்ன பண்றது?'ன்னு எனக்கு மட்டும் கேக்கற மாதிரி முணுமுணுத்தா. உன்னை மாதிரி கிழியற வரைக்கும் ஒருத்தரோடயே இருக்கணும்."

காற்றில் சட்டையின் கை அங்கியின் மேல் விழுந்தது. துவைத்தும் போகாத கிரீஸ் அங்கியில் ஒட்டிக்கொண்டது.

சலவைக்காரர் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கறை போய்விடக் கூடாதே என்று அங்கி வேண்டிக்கொண்டது.