சக்கரத்தின் வேகத்தில்

ஊரில் சண்டையால் மின்சாரம் இல்லாத அந்த ஐந்து வருடங்களில் பாட்டுக் கேட்பதென்றால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து டேப் ரெக்கோடருக்கு வயர் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். தம்பி தயாபரனிடம் ஒரேயொரு கசெற் இருந்தது. அயர்லாந்துக்காரப் பாதிரியார் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது. அவர்களுடைய நாடோடிப் பாடல்களும் கிளர்ச்சிப் பாடல்களும். நான் சுற்ற, அவன் காதை ஒட்டவைத்துக் கேட்பான். என் கை ஓய்ந்தால் பாடகனின் குரல் தடித்து இழுபடும்.

“அக்கா, உது சண்டைக்குப் போற பாட்டு. நீ செத்தவீட்டுப் பாட்டாக்கிறாய்.”

“அப்ப நீ வந்து சுத்தன், பெரிய துரை.”

“நான் சுத்தினா ஆர் கேக்கிறது?”

அடுத்த மாசியில் ஷெல் விழுந்து அவன் செத்துப்போனான். சைக்கிளும் அவனோடு போயிற்று. கசெற் மட்டும் என் பெட்டிக்குள் கடல் கடந்தது.

இங்கே சுவரில் செருகினால் மின்சாரம். முப்பது வருடத்துக்குப் பிறகு நேற்று, பழைய சாமான் கடையில் மூடி உடைந்த ரெக்கோடர் ஒன்று வாங்கி அந்தக் கசெற்றைப் போட்டேன். பாடகன் பிசகில்லாமல், நிமிர்ந்து நடக்கிறவனைப் போலப் பாடினான். தம்பி கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். எனக்குத்தான் அந்தப் பாட்டை அடையாளம் தெரியவில்லை. கசெற்றின் சுழலும் சில்லில் விரலை மெல்ல வைத்தேன். குரல் தடித்தது, இழுபட்டது. விரலை எடுக்காமல், தம்பி ஏசட்டும் என்று காத்திருந்தேன்.