பக்கத்துப் பாய்

திரையில் என் வலது கை மெல்ல மேலே போகிறது. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, உச்சிவரை.

காப்பீட்டு நிறுவனத்து டேரன் அங்கே படத்தை நிறுத்தினான்.

"தோளுக்கு மேல கையத் தூக்கவே முடியலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, நோலீன்." குரலில் அப்படியொரு பணிவு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்துக் குளியலறையில் வழுக்கிய ஒரு பெரியவரைத் தாங்கிப் பிடித்தபோது கிழிந்த தோள் இது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் அன்றிலிருந்து தலை வாருவதே இடது கையால்தான். அறுவை சிகிச்சைக்கு இவர்கள் சம்மதிக்க வேண்டும். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே எங்கள் ஊரில் ஒரு கரும்பு வெட்டு முடிந்து அடுத்ததும் தொடங்கிவிட்டது.

அதுவரை மெதுவான யோகா செய்யச் சொன்னதே இவர்களுடைய மருத்துவர்தான். உடம்புக்கும் நல்லதாம், மனசுக்கும் நல்லதாம்.

போனேன். பண்டபெர்க் ஊர் மன்றத்தில் செவ்வாய்க்கிழமை காலை. முட்டி போனவர்கள், இடுப்பு போனவர்கள் என்று எங்கள் கூட்டம். சொல்லிக்கொடுக்கும் ஹெதர் யாரையும் அவசரப்படுத்த மாட்டாள். "வலிக்கிறதுக்கு முன்னாடியே நின்னுடுங்க செல்லங்களா, இங்க யாரும் பரிசுக் கோப்பை குடுக்கப் போறதில்ல" என்பாள். கடைசியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கண்மூடிக் கிடப்போம். வாரத்தில் அந்த ஒரு நேரம்தான் நான் மனுஷியாக இருந்தேன்.

அங்கே வந்து படம் எடுத்திருக்கிறார்கள்! என் படுக்கையறை ஜன்னலில் எட்டிப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன்.

யார் எடுத்தது என்று கேட்டேன். சொல்ல மாட்டானாம். விதியாம்.

"திரும்பப் போடு தம்பி. முதல்லேருந்து போடு."

முதல் தடவை என் முகத்தைத்தான் பார்த்திருந்தேன். வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கையைப் பார்த்தேன்.

என் முழங்கைக்கு அடியில் இன்னொரு கை இருந்தது. படத்தின் ஓரத்திலிருந்து நீண்டு வந்து, தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுபோனது. அதன் மணிக்கட்டில் முடி கட்டும் பச்சை ரப்பர் வளையம்.

கெர்ரி.

போன மாதம்தான் சேர்ந்தாள். பக்கத்துப் பாய். வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது, தன் அம்மாவுக்கும் இதே தோள்வலி என்று கண் கலங்கியவள். அன்றைக்குத் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நான் புடிச்சுக்கறேன் கண்ணு, கனத்தப் பூரா என் மேல விட்டுடு" என்றாள்.

விட்டேன்.

வலிக்காமல் கை மேலே போன சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். படத்தில் அது இல்லை. அதற்கு முன்பே வெட்டியிருந்தார்கள்.

டேரன் தொண்டையைச் செருமினான். நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டான்.

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்க ஆளக் கேளு," என்றேன். "என் கை என்ன கனம்னு அவளுக்குத்தான் தெரியும்."