உப்பில்லாத அடை

கேழ்வரகு அடையில் உப்பே இல்லை.

கார்முகில் இரண்டாவது வாயும் தின்று பார்த்தான். அதிலும் இல்லை.

செகண்ட் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வந்து சேர்ந்தபோது தெரு அடங்கிவிட்டிருந்தது. வீட்டில் மாசக் கடைசி. பிஸ்கட் பாக்கெட்டில் தூள். ஊறுகாய் பாட்டிலில் வெறும் எண்ணெய். பச்சை சேமியாவைக் கொறித்துப் பார்த்தான், ஈறில் குத்தியது.

அப்போதுதான் அந்த டப்பா கண்ணில் பட்டது. எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டின் நடுவே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஒரு வாரமாக அவன் தூக்கத்தைக் கெடுத்த டப்பா.

மனைவி சத்யப்பிரியா வேலை பார்க்கும் கம்பெனியில் காலை டிபனும் மதியச் சாப்பாடும் கேன்டீனிலேயே உண்டு. அவள் லைனில் யாரும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதில்லை. பிறகு விடிகாலை ஷிப்டுக்குப் போகிறவள் கையில் டப்பா எதற்கு?

போன வாரம் மொட்டை மாடியில் நின்று பார்த்துவிட்டான். கம்பெனி பஸ் வந்தது. ஏறியவள் டப்பாவை டிரைவர் சிவசங்கரிடம் நீட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கி, சீட்டுப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். காதலித்துக் கட்டிக்கொண்டவள். அவளும் போய்விட்டால் அவனுக்கென்று யாரும் இல்லை.

இன்றைக்கும் கேன்டீனில் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. வாங்கிய தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டான். இப்போது வயிறு வட்டியோடு கேட்டது.

மூன்று அடை இருந்தது. மூன்றையும் தின்றான். வாயில் மண் மாதிரி உருண்டது; ஆனாலும் விடவில்லை.

சாப்பிடும்போது இன்னொரு ஜீவன் பட்டினி கிடக்கட்டும் என்று நினைப்பது பாவம். கார்முகில் அதை நினைத்து நினைத்துத்தான் மென்றான்.

விளக்கு எரிந்தது. சத்யப்பிரியா தலைமுடியை அள்ளி முடிந்தபடி நின்றாள்.

"இன்னா பண்ணி வச்ச? மொத்தமும் துன்னுட்டியா?"

"துன்னா இன்னா? உன் டிரைவருக்கு ஒரு நாள் வவுறு காயட்டும். அந்தாளுக்கு ஒரு கல்லு உப்புகூடப் போட மாட்டியா?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்ய, மூஞ்சப் பாரு! ஒரு வாரமா இதுக்குத்தான் உர்ருன்னு சுத்திகினு இருந்தியா? அது மாமாவுக்குய்யா. உப்பு சேக்கவே கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்களாம். கடையில எத வாங்குனாலும் உப்புதானே?"

மாமா என்று அவள் சொல்வது ஒருவரைத்தான். மணிமங்கலத்தில் தனியாக இருக்கும் கோதண்டம். கார்முகிலைப் பெற்றவர். இவர்கள் கல்யாணத்துக்கு வராதவர். அந்தப் பெண் என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று தெருவே கேட்கச் சொன்னவர்.

சிவசங்கர் அவருக்கு எதிர் வீட்டில் வாடகைக்கு இருக்கிறானாம். ஆட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகும்போது டப்பாவைக் கொடுத்துவிடுவானாம்.

"நீ சுட்டதுன்னு தெரிஞ்சா தூக்கிப் போட்டுருவாரே!"

"அதுக்குத்தான், தன் வூட்டுக்காரி செஞ்சதுன்னு சொல்லிக் குடுக்குது டிரைவர் அண்ணன்."

கார்முகில் நிமிர்ந்தான். பொறாமைப்பட்டவன் அதை மட்டுமாவது விசாரிக்காமல் விட்டிருப்பானா?

"அந்தாளுக்கு இன்னும் கல்யாணமே ஆவலயே."

"ஆமா." அவள் காலி டப்பாவைக் கழுவ எடுத்துக்கொண்டாள். "எதிர் வூட்டுல கீறவருக்கு அது தெரியாதா? டப்பா காலியாத்தான் திரும்பி வருது."

அவனுக்குச் சிவசங்கர் மேல் இப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. தினமும் பெற்றவர் முகத்தைப் பார்க்கிறானே.

மாவு டின்னைக் கவிழ்த்துத் தட்டினான். ஒன்றும் விழவில்லை.

படியிறங்கிப் போனான். இவர்கள் கல்யாணக் கதையெல்லாம் தெரிந்த கீழ் வீட்டுச் செல்லம்மாள் காலைக் கடைக்கு இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"கேவுரு மாவா? இந்நேரத்துக்கு யாருக்குப்பா?"

அவன் பாத்திரத்தை நீட்டினான்.

"எங்க அப்பாவுக்கு."

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். அளவுப் படியில் மாவைக் குவித்து அள்ளி, தலை தட்டாமல் அவன் பாத்திரத்தில் கொட்டினாள்.