பதினெட்டாவது டேக்

பதினாறாவது தடவையும் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

டோரா பெல்வுட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அறுபத்திரண்டு வயது. இதே நாடகத்தில் இதே அத்தை வேடத்தை லண்டன் மேடையில் ஒன்பது வருஷம் போட்டவள். குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில்கூட ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடம் இது. இப்போது போர் முடிந்து ஆறு வருஷமாகிவிட்டது, அதையே கலர் படமாக எடுக்கிறார்கள், எதிரே நாற்பது பேர் மரம் மாதிரி நிற்கிறார்கள்.

ஒன்றும் பெரிய வசனமில்லை. மாமாவோடு சண்டை வருமா என்று அண்ணன் மகள் கேட்பாள். "முப்பது வருஷமா ஒரு சண்டை கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை உதடுவரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிறகு, "அவர் இந்தியாவுல இருக்கார்." மேடையில் அந்தச் சிரிப்பு அடங்க எட்டு எண்ண வேண்டியிருக்கும்.

ஒலிப்பதிவு ஓடும்போது யாரும் மூச்சுகூட விடக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அது அவள் புத்திக்குப் புரிந்தது. முப்பத்தைந்து வருஷம் சிரிப்பைக் கேட்டே பழகிய உடம்புக்குத்தான் புரியவில்லை.

டைரக்டர் ஹம்ஃப்ரி கிராஸ்லி நேராக அவளிடம் வரவில்லை. வழக்கம்போல முதலில் காமிராவிடம் போய், அதில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்த ஆல்ஃபியிடம் ஏதோ கிசுகிசுத்தார். ஆல்ஃபி முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையாட்டினான். பாவம், நவம்பர் குளிர். ஸ்டூடியோவில் பாதிப் பேருக்கு ஜலதோஷம்.

"இன்னொண்ணு போயிடலாம், மிஸ் பெல்வுட்."

"என்ன தப்புன்னு சொன்னா திருத்திக்குவேனே?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னொண்ணு, அவ்வளவுதான்."

தப்பில்லை என்று சொல்லிக்கொண்டே பதினாறு தடவை எடுக்கிற மனுஷனிடம் என்ன பேசுவது?

கம்பெனிக்காரர்களுக்கு இந்த வேடத்துக்குச் சினிமாவில் பேர் வாங்கிய முகம்தான் வேண்டும். இன்று மதியச் சாப்பாட்டுக்குள் இந்த க்ளோசப் சரியாக வராவிட்டால் அப்படி ஒரு நடிகையைக் கூப்பிட்டுவிடுவது என்று டோராவின் எதிரிலேயே பேசி முடித்திருந்தார்கள். மணி பன்னிரண்டே கால்.

விளக்குகளை நகர்த்தும் இடைவெளியில் உடைக்காரி நெல் வந்து டோராவின் இடுப்புக் கச்சையை ஒரு விரல் தளர்த்தினாள். நாடகக் காலத்திலிருந்து டோராவுக்கு உடை மாட்டிவிடுகிறவள்.

"மேஜை மேல இருக்கிற அந்த சாண்ட்விச்சைத் தொட்டுடாதே. யாரும் எடுத்துத் தின்னுடக் கூடாதுன்னு மண்ணெண்ணெய் தெளிச்சு வச்சிருக்கானுங்க."

"நெல், எனக்கு வயசாயிடுச்சாடி?"

"அது பழைய ராஜா காலத்துலயே ஆயிடுச்சு. இப்ப என்ன புதுசா?"

"சிரிப்பு வர மாட்டேங்குது."

"சிரிக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டு வச்சிருக்காங்க. எங்கேருந்து வரும்?"

"கட் சொன்னப்புறம் சிரிக்கலாம்ல? ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. பார்க்கச் சகிக்கலை போல."

நெல்லும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊக்கை மாட்டினாள். டோராவுக்கு அதுதான் வலித்தது.

பதினேழாவதில் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். புருவத்தைத் தூக்கினாள், கோப்பையை இன்னும் கொஞ்சம் அதிகம் நிறுத்தினாள். ஒரு சத்தமில்லை. டைரக்டர் மறுபடியும் காமிராவிடம் போனார், இந்தத் தடவை கொஞ்சம் கோபமாகவே.

பதினெட்டாவதில் அவளுக்கு எல்லாம் விட்டுப் போயிற்று. முதுகு வலித்தது, தலைக்கு மேலே விளக்குகள் சுட்டன, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. எண்ணவில்லை, புருவம் தூக்கவில்லை. யாரோ வழி கேட்டால் சொல்வதுபோல அந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"கட்!" டைரக்டர் காமிரா பக்கம் பார்த்தார். ஆல்ஃபி கட்டைவிரலை உயர்த்தினான். "இதுதான்! இதையே வச்சுக்கலாம்! மிச்ச சீன் எல்லாம் உங்களுக்குத்தான், மிஸ் பெல்வுட். எல்லாரும் சாப்பிடப் போங்கப்பா!"

விளக்குகள் அணைந்தன. டோராவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேடம் தங்கிவிட்டது, அது போதும். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காமிராவிடம் போனாள்.

"ஒரு வழியா கத்துக்கிட்டேன், இல்லையா ஆல்ஃபி? சினிமாவுக்கு எப்படிப் பண்ணணும்னு?"

ஆல்ஃபி தொப்பியைக் கழற்றினான்.

"நீங்க முதல் தடவையே சரியாத்தான் பண்ணீங்க, மேடம். நான்தான் அடக்க முடியாம குலுங்கிக் குலுங்கிப் பதினேழு தடவையும் காமிராவை ஆட்டிட்டேன். இவங்க எல்லாரும் அப்படித்தான், வாயைப் பொத்திக்கிட்டு ஓடுவாங்க. உங்ககிட்ட சொன்னா நடிப்பை இன்னும் கூட்டிடுவீங்கன்னு டைரக்டர் மூச்சு விட விடல."

டோரா அவனையே பார்த்தாள்.

"அப்போ, இந்தத் தடவை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்தத் தடவைதான் சிரிப்பு வரல, மேடம்."